கண்டுக்கிடாதவள்

சின்ன ஊர் என்று பேச்செடுத்தாலே உருகிப்போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமாம். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் பத்து வீட்டிலிருந்து கஞ்சி வருமாம். வரும், இல்லையென்று சொல்ல மாட்டேன். கஞ்சிக்குப் பின்னாலேயே பத்து ஜோடிக் கண்ணும் வரும், அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உருகட்டும். தெற்கே அப்படி ஒரு ஊரில் பிறந்து, பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆகிற வரைக்கும் அங்கேயே கிடந்தவள் நான். அந்த ஊரில் வளர்ந்ததால் உனக்கு என்னம்மா நஷ்டம் என்று யாராவது கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்லுவேன். என் கண்.

எனக்குச் சின்ன வயதிலேயே தூரப் பார்வை கிடையாது. கைக்கு எட்டுகிற தூரம் வரை சுத்தமாகத் தெரியும். பொட்டலம் கட்டி வருகிற தாளில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட மூக்கருகில் வைத்து வாசித்துவிடுவேன். அப்படி வாசித்து வாசித்துத்தான் எனக்கு நாலு எழுத்து வந்தது. அதைத் தாண்டி இருப்பதெல்லாம் பனி. தெருவில் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியும், எந்த ஆள் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் உயரமான பிள்ளை என்று என்னைக் கடைசி பெஞ்சில் போட்டார்கள். கரும்பலகை எனக்குக் கரும்பலகையாக மட்டுமே தெரிந்தது. கவனம் போதாது என்று சொல்லி அடித்தார்கள். எட்டாவதோடு போதும் என்று அம்மா நிறுத்திவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியைவிடத் தெருவில் வாங்கியதுதான் பெரிது. எங்கள் ஊரில் ஒருத்தி தெருவில் நடந்து போனால் வாசலுக்கு வாசல் நின்று முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். சாப்பிட்டாச்சா மைனி என்று கேட்க வேண்டும். சித்தியா பெரியம்மாவா என்று பார்த்து அதற்கேற்றபடி குரலைக் குழைக்க வேண்டும். நான் முகம் தெரியாமல் நேரே பார்த்துக்கொண்டு நடந்தேன். அதற்கு ஊர் ஒரு பேர் வைத்தது. அங்கே ஒருத்தரை மதிக்காமல் போவதற்கு 'கண்டுக்கிடாமப் போறது' என்பார்கள். பார்க்காமல் போவதற்கும் மதிக்காமல் போவதற்கும் ஒரே வார்த்தை. நான் செய்தது முதலாவது, ஊர் எழுதிக்கொண்டது இரண்டாவது. 'அந்தா வாரா கண்டுக்கிடாதவ' என்று என் காதில் விழும்படியே சொல்லுவார்கள். காது எனக்கு நன்றாகவே கேட்கும்.

அம்மாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்பதும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் கண்ணாடி போட்ட பொம்பளை என்றால் ஒரே ஒருத்திதான், பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு என்னென்ன காரணமோ, ஊர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. எப்போது நான் பேச்செடுத்தாலும் அம்மா, "கண்ணாடி டீச்சர் மாதிரி நிக்கணும்னு ஆசையாட்டி?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள். அப்பா தவறிப்போன வீடு. நானும் தங்கையுமாக இரண்டு பெண்கள். தங்கைக்கும் என்னைப் போலவே கண். இரண்டு பேருக்கும் கண் மோசம் என்று ஊருக்குத் தெரிந்தால், குடும்பக் கோளாறு என்று முத்திரை குத்தி வாசலை அடைத்துவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்தப் பயத்தைக் கற்றுக்கொடுத்த ஊரைத்தான் சொல்லுவேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் பார்த்தது ஒரு வெள்ளைச் சட்டை. அதற்கு மேலே மீசை மாதிரி ஒரு கறுப்பு. பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டாள். சட்டை சுத்தமாக இருந்தது, சரி என்றேன். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பெண் பார்ப்பது என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்கிறாளா என்று யாரும் கேட்டதில்லை.

அறுபதுகளின் கடைசியில் மெட்ராசுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் தி. நகரில் எங்கள் பக்கத்து ஆள் நடத்திய பாத்திரக் கடையில் கணக்கு எழுதினார். கடைக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு ஸ்டோர் வீட்டில் குடித்தனம். நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். குடியிருந்ததில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள். மெட்ராசுக்கு வந்தும் ஊரிலேயே குடித்தனம் வைத்தது போல இருந்தது. இங்கேயும் கண்டுக்கிடாதவள் என்று பேர் வாங்கிவிடக் கூடாது என்று ஒரு தந்திரம் செய்தேன். எதிரே எது வந்தாலும் சிரித்துவிடுவது. ஒருநாள் தெருமுனையில் சிவப்புச் சேலை கட்டி நின்ற ஒரு அம்மாவைப் பார்த்துச் சிரித்து, சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போனேன். தபால் பெட்டி.

வீட்டு ஆட்களைத் தவிர, என் கண்ணைப் பற்றி வாய்விட்டு என்னிடம் முதலில் பேசிய ஆள் எங்கள் தெருவுக்குக் கூடையில் காய் கொண்டுவருகிற அம்மாள். சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வருவாள். நான் ஒவ்வொரு கத்தரிக்காயையும் மூக்கருகே கொண்டுபோய்ப் புழு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இன்னாமா, நீ காய பாக்குறியா, மோந்துக்கினு கீறியா?" என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இல்லை, சும்மா, என்று இழுத்தேன். "கண்ணு டல்லா கீதுன்னா சொல்லு. எங்க நைனாவுக்குக்கூட அப்டித்தான். கண்ணாடி மாட்டிக்கினு ஜோரா கீறாரு" என்று சொல்லிவிட்டு, ஒரு சொத்தைக் கத்தரிக்காயை அவளே பொறுக்கி வெளியே போட்டாள். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். பத்தொன்பது வருஷம் மூடி வைத்ததை இவள் கத்தரிக்காய்க்கு நடுவில் இவ்வளவு லேசாகப் போட்டுவிட்டுப் போகிறாளே என்று நான் நடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லும் தைரியம் அப்போதும் வரவில்லை. தானாகவே வெளிவந்தது. ஒருநாள் சாயங்காலம் பூங்கா பக்கத்து பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொல்லியிருந்தார். முந்தின நாள் எங்களுக்குள் சின்னச் சண்டை, சாப்பிடாமல் கடைக்குப் போயிருந்தார். நான் காய் வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அதே உயரம். நேரே போய்ப் பையை அவர் கையில் திணித்து, கோபத்தைச் சோற்றில் காட்டலாமா, வெண்டைக்காய் வாங்கியிருக்கிறேன், இன்றைக்காவது ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். பையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"எனுக்கு ஒண்ணும் கோவம் இல்லமா. ஆனா எனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே" என்றான்.

பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து பையை வாங்கிக்கொண்டு அந்த ஆளிடம் ஏதோ சொல்லிச் சமாதானம் பண்ணினார். வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் சிரித்தார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ பொண்ணு பாக்க வந்தப்ப என்னைய நீ பாக்கவே இல்லையா?" என்றார்.

"சட்டையப் பாத்தேன்."

"அது எங்க அண்ணன் சட்டைல்லா" என்றார். அதற்கு நான் சிரித்த சிரிப்பில் நடையில் இருந்த வீடுகளெல்லாம் எட்டிப் பார்த்தன.

அந்த மாதமே டாக்டரிடம் காட்டி, பாண்டி பஜாரில் கண்ணாடி போட்டோம். கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைப்படி இறங்கினேன். எல்லாரும் சொல்லுகிற மாதிரி வானம் தெரிந்தது, மரம் தெரிந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் தெரிந்ததுதான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு. அவ்வளவு கூட்டம், சாயங்கால பஜார், ஆண் பெண் பிள்ளை குட்டி என்று நெரிகிறது. ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை.

முகம் தெரியாதவளுக்கு எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதும் தெரியாது. ஆகவே எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வாள். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் நிஜமாகவும் இருந்தது. மெட்ராசில் ஒருவன் வளையல் பார்த்தான், ஒருத்தி ஐஸ்கிரீமைப் பார்த்தாள், ஒரு கிழவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். நான் நடுவில் நின்றேன். ஒருத்தருக்கும் நான் ஒரு பொருட்டே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். பெரிய ஊரில் மனுஷனை மனுஷன் மதிப்பதில்லை என்று இன்றைக்கும் சிலர் புலம்புகிறார்கள். அவர்களை ஒரு பத்து வருஷம் எங்கள் ஊர்த் தெருவில் நடக்கவிட வேண்டும்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனாலும் ஊர்க்காரர். ஊரிலிருந்து யாராவது வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடு என்று கெஞ்சினார். ஒத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு ஊர்க்காரர்கள் வராத வாரம் கிடையாது. நடையில் எங்கள் ஊர்ப் பேச்சு கேட்டால் போதும், கண்ணாடி கடுகு டப்பாவுக்குள் போய்விடும். அப்படி ஒருநாள் நான் அவசரமாக டப்பாவை மூடுவதைக் காய்க்கார அம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டாள். திருட்டுச் சாமானா என்று கேட்டாள். ஊரைப் பற்றி, வைத்த பேரைப் பற்றி, தங்கையைப் பற்றி எல்லாம் அவளிடம் கொட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"உன் கண்ணு, உன் மூஞ்சி. அவுங்களுக்கு இன்னாமா போச்சு?" என்றாள். "சொல்றவன் சொல்லிக்கினுதான் இருப்பான். நீ கண்டுக்காத. போய்க்கினே இரு."

எங்கள் ஊரில் என்மேல் குற்றமாகச் சொன்ன அதே வார்த்தை. இங்கே அதுவே எனக்குப் புத்திமதி. அவள் அதைத் தெரிந்து சொல்லவில்லை, அவர்கள் பேச்சில் நாளைக்கு நாற்பது தடவை வருகிற வார்த்தை அது. அன்றைக்கு வந்திருந்தவர் எங்கள் பெரியப்பா முறை. கடுகு டப்பாவைத் திறந்து கண்ணாடியை எடுத்து, ஒட்டியிருந்த கடுகைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டு போய் அவருக்குக் காப்பி கொடுத்தேன். அவர் காப்பியைக் கீழே சிந்தினார். அதோடு டப்பாவை மறந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போனது. மெட்ராசுக்குப் போனதும் கண்ணாடி மாட்டிக்கிட்டு டீச்சர் வேஷம் போடுதா என்றார்களாம். அம்மா அதைத் தாங்கிக்கொண்டாள், நான் கல்யாணம் ஆனவள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் என் கண்ணாடி குறுக்கே வந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அம்மாவும் தங்கையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கத்துக்காரர்கள், என் வீட்டுக்காரரின் முதலாளிக்கு வேண்டியவர்கள், தி. நகரில் துணிக்கடை. வீட்டில் வந்து பார்த்தால் நாலு பேருக்குத் தெரியும், மயிலாப்பூர் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போல வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. தங்கைக்கு அப்போது இருபத்தொன்று. ஊரில் அவளுக்கு என் பேரையே மாற்றி வைத்துவிட்டார்கள், சின்னக் கண்டுக்கிடாதவ. வந்த அன்றைக்கே அவளைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அம்மா எழுந்து கதவுக்கு முன்னால் நின்றாள்.

"இவ கழுத்துல ஒரு தாலி ஏறட்டும். பொறவு ஒம்பது கண்ணாடி போடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"பொறவு தெரிஞ்சா ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றேன்.

"ஒன்னய யாரு சொன்னா?"

என்னை யாரும் சொல்லவில்லைதான். எனக்கு வாய்த்தவர் சிரித்துவிட்டுப் போனார். எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா என்று கேட்டேன். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்து என்னிடம் திரும்பி, கோயிலுக்கு வரும்போது நீயும் கழற்றிவிட்டு வா, அக்காவைப் பார்த்தால் தங்கையைச் சந்தேகப்படுவார்கள் என்றாள். கழற்ற மாட்டேன் என்றேன். அப்படியானால் நீ வராதே என்றாள். வருவேன் என்றேன். தங்கை மூலையில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் குரலையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "எனக்கு இந்தச் சண்டை முடிஞ்சாப் போதும் எக்கா" என்றாள். முடிவில் நான் கண்ணாடியோடு, அவள் கண்ணாடி இல்லாமல் என்று ஆனது.

சாயங்காலம் கோயிலில் வெளிப் பிராகாரத்தில் சந்தித்தோம். மாப்பிள்ளை, அவர் தம்பி, அவர்களுடைய அம்மா. மாப்பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருந்தார். ஊர்க் கதை, உறவுமுறை எல்லாம் பேசினோம். மாப்பிள்ளையின் அம்மா என் கண்ணாடியை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டிலிருந்தே அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று தங்கை பக்கம் திரும்பி, எதிரே ஆபீஸ் அறைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கையால் காட்டினார்.

"மணி என்னன்னு பாத்துச் சொல்லேம்மா. எனக்கு லைட்டு வெளிச்சம் கண்ணக் கூசுது."

எங்கள் ஊர் மூளை அது. டாக்டர்கூட இவ்வளவு நாசூக்காகக் கண் பரிசோதிக்க மாட்டார். தங்கைக்குக் கடிகாரம் இருக்கிற இடமே தெரியாது. அம்மா முந்திக்கொண்டு ஆறரை என்றாள். அவர் சிரித்தபடி, "பொண்ணுகிட்டல்லா கேட்டேன்" என்றார். தங்கை தலையைத் தூக்கி, கை காட்டிய பக்கமாகப் பார்த்துக்கொண்டு, ஆமாம் ஆறரை இருக்கும் என்றாள். இருக்கும் என்ற வார்த்தையை அவர் மென்று பார்த்தது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டார். ஆண்பிள்ளைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரட்டும், அதற்குள் பேச வேண்டியதைப் பேசுவோம் என்றார். அம்மாவின் கை அவ்வளவு நேரமும் தங்கையின் மணிக்கட்டில் இருந்தது. அப்போதுதான் அதை விட்டாள்.

நானும் தங்கையும் கொஞ்சம் தள்ளி மண்டபத் தூண் ஓரமாகப் போய் நின்றோம். அவளுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. எனக்கும்தான். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டாள். வேண்டுமென்று செய்தாளா, சும்மா விளையாட்டாகச் செய்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே பவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. கண்ணாடி இல்லாத எனக்கு அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. என்னட்டி என்றேன்.

"மாப்பிள்ள அந்தக் கொடிமரத்துக்குப் பக்கத்துல நிக்காரு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரெண்டு கையையும் வட்டமா மடிச்சுக் கண்ணுல வச்சிருக்காரு. தம்பி சிரிக்கான். இப்ப கைய நீட்டித் தடவித் தடவி நடக்காரு. தூண்ல முட்டுத மாதிரி காட்டுதாரு."

நான் கண்ணாடியைக் கேட்டுக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "ஒன்னத்தான் காட்டுதாரு எக்கா" என்றாள். பிறகு, "என்னையுந்தான்" என்றாள்.

நான் பிடிப்பதற்குள் நடந்துவிட்டாள். கண்ணாடியோடு. எனக்குத் தூணும் ஆட்களும் பனிக்குள் போய்விட்டதால் அவள் சேலை நிறத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது அவள் இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் நின்றிருந்தாள். ஆண்பிள்ளைகளும் சுற்றி முடித்து வந்து நின்றுவிட்டார்கள். 

"அத்த, மணி ஏழாகப் பத்து நிமிஷம் இருக்கு" என்றாள் தங்கை. "முன்ன சொன்னது குத்துமதிப்பு. எனக்கும் எங்க அக்கா மாதிரிதான் கண்ணு."

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். தங்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அங்கன கொடிமரத்துப் பக்கத்துல இவிய ஆட்டம் காட்டுனதும் நல்லாத் தெரிஞ்சுது" என்று சொல்லி, கைகளை வட்டமாக மடித்துக் கண்ணில் வைத்துக் காட்டினாள். அதாவது கண்ணாடிக்கு மேலேயே வைத்துக் காட்டினாள். "எனக்கு இந்த இடம் வேண்டாம்."

எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி பெண் பார்க்க வந்தவனை நிஜமாகவே பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்த உடனே பதில் சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் அம்மா எங்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் போய்ப் படுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கடையில் முதலாளி முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் தங்கையைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மறுநாள் காலையிலேயே ஜாதகம் சரியில்லை என்று ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். சொன்ன ஆளிடம் தங்கை, எங்களுக்கும் சரியில்லை என்று சொல்லுங்கள் என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே, "நெசமாவே அப்படி ஆடுனானாட்டி?" என்று கேட்டாள்.

தங்கை எழுந்து, அவன் செய்தது போலவே கையை நீட்டித் தடவி நடந்து, சுவரில் முட்டிக் காட்டினாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் பெண்களுக்குக் கண் தெரியவில்லை என்பதை இருபது வருஷம் ஊரிடமிருந்து ஒளித்து வைத்தவள். நேற்று வரை கொஞ்சம் ஒளிந்துதான் இருந்தது என்று நம்பினாள். முன்பின் தெரியாத ஒரு பயல் கோயில் பிராகாரத்தில் அதை ஆடிக் காட்டியிருக்கிறான் என்றால் ஒளித்து என்ன ஆயிற்று என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.  சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "கட எத்தன மணிக்குத் தெறப்பான்?" என்று மட்டும் கேட்டாள்.

பாண்டி பஜாரில் எனக்குப் போட்ட அதே கடைதான். டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் தங்கையின் வயதையும் கழுத்தையும் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று புரிந்துகொண்டு, மெல்லிசாகக் கம்பி மாதிரி ஒரு பிரேமை எடுத்து வைத்தார். இதைப் போட்டுக்கொண்டால் போட்டிருப்பதே தெரியாது அம்மா, எல்லாப் பெண்களும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.

அம்மா அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியாததுக்கு எதுக்கு வாங்கணும்?" என்றாள். "தெரியுததாக் குடுங்க. கறுப்பா, தடியா. நாளைக்கு இவ எங்கூர் பஸ்ஸ விட்டு எறங்கும்போது தெருக்கோடியில நிக்கவனுக்கும் தெரியணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்டுக்கவில்லை. உள்ளே போய்க் கறுப்புப் பிரேமாக ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். தங்கை ஒவ்வொன்றாக மாட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பின்னால் நின்று, இது இல்லை, அடுத்தது, அடுத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.